லிம்போ: சாவு சொல்லும் குறிப்பைப் பிடித்து விளையாடுவது எப்படி

லிம்போ என்ற வீடியோ கேமில் புது ஆட்டம் தொடங்கியதும் திரையில் ஒரு கறுப்புக் காடு தெரியும். அவ்வளவுதான். இந்தப் பட்டனை அழுத்து, அந்தப் பக்கம் போ என்று எந்த அறிவிப்பும் வராது. புல்லுக்குள் ஒரு பையன் கிடப்பான். நீங்களாக ஏதாவது ஒரு பட்டனைத் தொட்ட பிறகுதான் இருட்டில் இரண்டு வெள்ளைப் புள்ளிகள் திறக்கும். அவை அவன் கண்கள். இதற்குப் பிறகு கடைசிவரை ஒரு சொல்லும் இல்லை. உயிர் எத்தனை மிச்சம் என்று காட்டும் பட்டை, வரைபடம், நேரம், மதிப்பெண் எதுவுமே திரையில் கிடையாது.

டென்மார்க்கின் கோபன்ஹேகனில் இருக்கும் ப்ளேடெட் என்ற சிறிய ஸ்டுடியோ செய்த முதல் கேம் இது. ஆர்ண்ட் யென்சன் இயக்கியது. எக்ஸ்பாக்ஸ் 360-இல் 2010 ஜூலை 21 அன்று வந்தது. அடுத்த ஆண்டு பிளேஸ்டேஷன் 3-க்கும் விண்டோஸுக்கும், பிறகு ஐபோன், ஆண்ட்ராய்டு, ஸ்விட்ச் என்றும் பரவியது. தங்கை என்ன ஆனாள் என்று தெரியாமல் ஒரு பையன் அவளைத் தேடிப் போகிறான் என்பதுதான் மொத்தக் கதையும். அதுகூட கேமுக்குள் சொல்லப்படுவதில்லை, வெளியே இருக்கும் அறிமுக வரியில்தான் இருக்கிறது.

நன்றாக விளையாடுபவருக்கு இது நாலைந்து மணி நேர கேம். ஆனால் பலர் முதல் அரை மணி நேரத்திலேயே கன்ட்ரோலரை வைத்துவிடுகிறார்கள். பத்து அடிக்கு ஒருமுறை சாகிறான், எதனால் செத்தான் என்றே தெரியவில்லை என்பது அவர்கள் குறை. குறை நியாயமானதுதான். ஆனால் இந்த கேம் பேசும் ஒரே மொழி அது. லிம்போவில் ஒவ்வொரு சாவும் ஒரு தகவலைக் கையில் கொடுத்துவிட்டுப் போகும். அந்தத் தகவலை எடுத்துக்கொள்ளப் பழகிவிட்டால், இதைவிட நேர்மையான புதிர் கேம் கிடைப்பது அரிது. அதைப் பழகுவதற்கான வழிகாட்டி இது. எல்லா விடைகளும் இதில் இருக்காது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டால் விளையாட என்ன மிச்சம் இருக்கும்?

விளையாடும் முன்: திரையும் காதும்

இந்த கேமுக்கு நல்ல கணினி தேவையில்லை. கணினி கேம்களை விற்கும் ஸ்டீம் தளத்தின் பதிப்பு சுமார் 150 எம்பி இடம்தான் பிடிக்கும், பழைய லேப்டாப்பிலும் ஓடும். பிரச்சினை வருவது திரையில்தான். முழுக்கக் கறுப்பு, வெள்ளை, சாம்பல் நிறங்கள். மேலே பழைய திரைப்படச் சுருளில் தெரிவது போன்ற மணற்புள்ளிகள், மினுக்கல். பிரைட்னெஸைக் குறைத்து வைத்தால் புல்லுக்குள் இருக்கும் இரும்புப் பொறி தரையோடு கலந்துவிடும். கூட்டி வைத்தால் பின்புல மூடுபனி வெளுத்து, தூரத்து உருவங்கள் மறைந்துவிடும். சரியான அளவைக் கண்டுபிடிக்க எளிய சோதனை உண்டு. முதல் காட்சியில் பையன் நிற்கும் தரை முழுக் கறுப்பாகவும், அவனுக்குப் பின்னால் உள்ள மரங்கள் குறைந்தது இரண்டு மூன்று அடுக்குச் சாம்பலாகவும் பிரிந்து தெரிய வேண்டும். பின் மரங்கள் எல்லாம் ஒரே நிறமாகத் தெரிந்தால் அளவு தவறு. பகலில் ஜன்னல் வெளிச்சம் திரையில் விழுமானால் எந்த அளவும் உதவாது, திரைச்சீலையை இழுத்துவிடுங்கள்.

டிவியில் விளையாடுபவர்கள் கேம் மோடைப் போட்டுக்கொள்ளுங்கள். படத்தை வழவழப்பாக்கும் வசதிகளும் இருட்டுக்கேற்ப வெளிச்சத்தைத் தானாக மாற்றும் வசதியும் இந்த கேமுக்கு எதிரிகள். முதலாவது நீங்கள் பட்டன் அழுத்துவதற்கும் பையன் குதிப்பதற்கும் நடுவே தாமதத்தை உண்டாக்கும். இரண்டாவது, இருண்ட இடத்துக்குள் நுழைந்த நேரம் பார்த்துத் திரையை மேலும் மங்கலாக்கும்.

ஒலியை அலங்காரமாக நினைக்கக் கூடாது. இதன் ஒலியை அமைத்த மார்ட்டின் ஸ்டிக் ஆண்டர்சன் வழக்கமான பின்னணி இசையை ஏறக்குறைய முழுவதுமாகத் தவிர்த்துவிட்டார். காற்று, உலோக முனகல், மின்சார இரைச்சல் ஆகியவற்றைக் கொண்டே சூழலைக் கட்டினார். அதனால் காதில் விழும் எதுவும் பெரும்பாலும் திரையில் இருக்கும் ஒரு பொருளிலிருந்து வருவது. எந்திரம் திரும்பப் போகிறது, மின்சாரம் வரப் போகிறது என்பது கண்ணுக்குத் தெரியும் முன்பே காதுக்குத் தெரியும். ஒயர் உள்ள ஹெட்போன் நல்லது. புளூடூத் ஹெட்போனில் ஒலி கொஞ்சம் தாமதித்து வரும். அறுப்புச் சக்கரங்களுக்கு நடுவே ஓடும்போது அந்தக் கொஞ்சமே போதும், உயிர் போவதற்கு.

பையனால் என்ன முடியும், என்ன முடியாது

மொத்தம் மூன்றே செயல்கள்: நகர்வது, குதிப்பது, பிடிப்பது. கீபோர்டில் அம்புக்குறிகளும் கன்ட்ரோல் கீயும் போதும். எக்ஸ்பாக்ஸில் 'ஏ' குதிக்க, 'பி' பிடிக்க. முடிந்தால் கன்ட்ரோலரில் விளையாடுங்கள். போனில் விரல் திரையின் ஒரு பகுதியை மறைக்கும், மறையும் பகுதியில்தான் பொறி இருக்கும். போன்தான் இருக்கிறது என்றால் பெரிய திரையுள்ள டேப்லெட்டாவது தேடிக்கொள்ளுங்கள்.

ஆட்டத்துக்குள் போன முதல் ஐந்து நிமிடத்தில் இந்த மூன்றையும் அளந்து பார்த்துவிட வேண்டும். பையன் நின்ற இடத்திலிருந்து குதித்தால் தாண்டும் தூரம் குறைவு; நாலடி ஓடிவந்து குதித்தால் அதிகம். ஓடுவதற்குத் தனிப் பட்டன் இல்லை, திசைப் பட்டனை விடாமல் அழுத்தினாலே வேகம் ஏறும். ஆகவே விளிம்பில் போய் நின்று யோசித்துவிட்டு அங்கிருந்தே குதிப்பது புதியவர்கள் செய்யும் முதல் தவறு. யோசித்த பிறகு பின்னால் வந்து, ஓடிக் குதியுங்கள். விளிம்பில் கை எட்டினால் அவனே பற்றிக்கொண்டு ஏறிவிடுவான். அதனால் காலை ஊன்றுமளவு உயரம் தேவையில்லை, கை எட்டும் உயரம் போதும். பல இடங்களில் எட்டாது என்று நாம் ஒதுக்கிவிடும் மேடை இந்தக் கணக்கில் எட்டிவிடும்.

அவனுக்கு நீந்தத் தெரியாது. கழுத்தளவு தண்ணீரில் நடக்கலாம். தலை மூழ்கினால் சில நொடிகளில் முடிந்தது. உயரத்திலிருந்து விழுந்தாலும் சாவான். எவ்வளவு உயரம் தாங்குகிறான் என்பதை ஒருமுறை வேண்டுமென்றே விழுந்து கண்ணால் அளந்து வைத்துக்கொள்வது பின்னால் மிகவும் உதவும். 'அங்கிருந்து குதிக்கலாமா' என்ற கேள்வி இந்த கேமில் திரும்பத் திரும்ப வரும்.

கயிறு தனிக் கலை. இடமும் வலமும் மாறிமாறி அழுத்தினால் ஊஞ்சல் போல வீச்சு கூடும். கயிற்றின் அடியில் தொங்கினால் வீச்சு பெரிது, மேலே ஏறினால் சிறிது. குதிக்க வேண்டிய நேரம், வீச்சு மேலே போய் நிற்கப் போவதற்குச் சற்று முன்பு. நடுவில் வேகம் அதிகம் என்று நினைத்து அங்கே விட்டால் கீழ்நோக்கித்தான் போவீர்கள்.

பெட்டியை இழுக்கும்போது பிடித்த பட்டனை விட மறந்துவிடுவது இன்னொரு வழக்கமான சாவு. பெட்டி விளிம்பைத் தாண்டிச் சரியும்போது பையனும் கூடவே போவான். இந்த கேமில் பொருள்களின் எடை, உருளல், சரிவு எல்லாம் பாக்ஸ்2டி என்ற இயற்பியல் எஞ்சினைக் கொண்டு கணக்கிடப்படுகின்றன. பெட்டி ஒவ்வொரு முறையும் எழுதிவைத்தபடி நகராது, தள்ளிய வேகத்துக்கும் கோணத்துக்கும் ஏற்ப நகரும். சரிவில் பெட்டியை விட்டால் அது தானே போகும், நீங்கள் கூடவே போக வேண்டியதில்லை. பல புதிர்களுக்கு இந்த ஒரு வரி விடை.

ஒரு சாவைப் படிப்பது

பையன் செத்ததும் சில நொடிகளில் ஏறக்குறைய அதே இடத்துக்குப் பக்கத்தில் மறுபடி நிற்பான். சேமிக்கத் தனியாக எதுவும் செய்ய வேண்டியதில்லை. சாவுக்கு விலையே இல்லாதபடி கேம் அமைக்கப்பட்டிருப்பதற்குக் காரணம், ஒவ்வொரு புதிரும் நீங்கள் ஒருமுறையாவது சாவீர்கள் என்ற கணக்கில் வைக்கப்பட்டிருப்பதுதான். ஆனால் கவனியுங்கள்: சாகும்போது பெரும்பாலானவர்கள் கண்ணை மூடுகிறார்கள், அல்லது எரிச்சலில் பட்டனைத் தட்டுகிறார்கள். தகவல் முழுவதும் அந்த ஒரு நொடியில்தான் இருக்கிறது.

அந்த நொடியில் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். எது கொன்றது? எது அதைத் தூண்டியது? இரண்டுக்கும் நடுவே எவ்வளவு நேரம்? இவற்றில் இரண்டாவதுதான் முக்கியம். கொன்றது பெரிதாகத் தெரியும். தூண்டியது சிறியதாக, காலுக்கடியில், கறுப்புக்குள் கறுப்பாக இருக்கும்.

இதற்கு நல்ல உதாரணம் அழுத்து எந்திரங்கள். ஓரளவு தூரம் போனதும் மேலிருந்து தடாலென்று இறங்கி நசுக்கும் பெரிய எந்திரம் ஒன்று வரும். அதன் அடியில் தரை நடுவே சற்று மேடான ஒரு பகுதி. கால் அதில் பட்டதும் எந்திரம் இறங்கும். ஒருமுறை செத்துவிட்டு, சரி, மேட்டை மிதிக்கக் கூடாது என்று புரிந்துகொண்டு தாண்டிக் குதிக்கிறீர்கள். அடுத்து ஏறக்குறைய அதே உருவத்தில் இன்னோர் எந்திரம். அதே மாதிரி மேட்டைத் தாண்டிக் குதித்தால் செத்துப்போவீர்கள். இரண்டாவதில் ஆபத்து நடுவில் இல்லை, சுற்றியுள்ள தரையில் இருக்கிறது. நடு மேட்டில்தான் கால் வைக்க வேண்டும்.

பலருக்கு இந்த இடத்தில் கோபம் வரும், ஏமாற்றிவிட்டார்கள் என்று. ஒருமுறை செத்த பிறகு இரண்டு எந்திரங்களின் தரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வித்தியாசம் கண்ணில் படும். முதல் எந்திரத்தில் நீங்கள் பார்த்துத் தெரிந்துகொண்டீர்கள். இரண்டாவதில் பார்க்காமல், தெரியும் என்று நினைத்துப் போனீர்கள். லிம்போவின் புதிர்கள் பெரும்பாலும் இப்படி இரட்டையாகத்தான் வரும். ஒரு பொருளைப் பயன்படுத்த ஒரு இடத்தில் கற்றுக்கொடுக்கும். அடுத்த இடத்தில் அதே பொருளை வேறு விதமாகக் கேட்கும். எனவே ஒரு வழி வேலை செய்த உடனே, அடுத்த தடவை அது வேலை செய்யாது என்ற எச்சரிக்கையோடு நகருங்கள்.

சிலந்தி: முழுதாக ஒரு புதிர்

காட்டுப் பகுதியில் வரும் பெரிய சிலந்தி, இந்த கேம் எப்படி யோசிக்கச் சொல்கிறது என்பதன் முழுப் பாடம். இதை மட்டும் விடையோடு பார்ப்போம். இதுவும் தெரிய வேண்டாம் என்றால் இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடுங்கள்.

மரத்துக்குப் பின்னாலிருந்து நீண்ட கறுப்புக் கால்கள் நீண்டு நிற்கும். பக்கத்தில் போனால் ஒரு கால் மெல்ல உயர்ந்து ஈட்டி போல் இறங்கும். ஒரே குத்து. பையனிடம் ஆயுதம் எதுவும் கிடையாது. ஓடித் தாண்ட முயன்றால் குத்தும், குதித்தாலும் குத்தும், மெதுவாகப் போனாலும் குத்தும். இங்கே மூன்று நான்கு முறை செத்தவர்கள் வேகம் போதவில்லை என்று நினைத்து அதையே திரும்பத் திரும்பச் செய்கிறார்கள்.

மூன்று கேள்விகளைப் போட்டுப் பாருங்கள். கொன்றது கால். தூண்டியது நம் நெருக்கம். நடுவே இருக்கும் நேரம், கால் உயர்ந்து நிற்கும் அந்தச் சிறு இடைவெளி. அப்படியானால் நெருங்கி, கால் உயர்ந்ததும் பின்வாங்கினால் குத்து வெறும் தரையில் விழும். விழும்போது என்ன நடக்கிறது? தரையே அதிர்கிறது. அதிர்ந்தால் என்ன ஆகும்? இப்போது தலையைத் தூக்கி மேலே பாருங்கள். மரத்தில் ஓர் இரும்புப் பொறி தொங்கிக்கொண்டிருக்கும். சிலந்தியைச் சீண்டிச் சீண்டிக் குத்த வைத்தால் பொறி கீழே விழுந்துவிடும்.

பிறகு பொறியைப் பிடித்துச் சிலந்தியின் பக்கம் நகர்த்த வேண்டும். பொறியின் வாயில் கால் பட்டால் நாம் சாவோம், அதனால் அதன் ஓரத்தைப் பிடியுங்கள். கால் இறங்கும் இடத்தில் பொறியை விட்டுவிட்டு, அந்த எல்லைக்குள் ஒரு கணம் போய் உடனே திரும்புங்கள். குத்து பொறிக்குள் இறங்கும், கால் துண்டாகும். ஒரு காலோடு அது விலகிவிடாது. அதே வேலையை மறுபடி செய்ய வேண்டும். பொறியைக் கொஞ்சம் அதிகம் தள்ளிவிட்டால் நீங்களே குத்தின் எல்லைக்குள் நின்றுவிடுவீர்கள். குறைவாகத் தள்ளினால் கால் பொறிக்கு முன்னால் இறங்கும். கால் முதல் தடவை குத்திய இடத்தை ஒரு புல் கொத்தையோ வேரையோ வைத்து அடையாளம் பார்த்துக்கொண்டால் இந்த அளவு பிசகாது.

இதில் புதிதாக எதுவும் கொடுக்கப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். எதிரியின் பலமே உங்கள் கருவியை இறக்கிக் கொடுக்கிறது. சிலந்தி இத்தோடு முடிந்துவிடவும் இல்லை. பின்னால் மறுபடி வரும். அப்போது நடப்பதை எழுத்தில் படிக்காமல் நேரில் பாருங்கள். முதலில் நடுங்க வைத்த அந்தப் பிராணியை நீங்கள் கடைசியில் என்ன செய்ய வேண்டியிருக்கிறது என்பது இந்த கேமில் மனதை மிகவும் கனக்க வைக்கும் இடம்.

தலையில் ஒட்டும் புழு

சில இடங்களில் மேலிருந்து வெள்ளையாக ஒளிரும் புழு ஒன்று விழுந்து பையன் தலையில் ஒட்டிக்கொள்ளும். அதன் பிறகு அவன் ஒரே திசையில் நடந்துகொண்டே இருப்பான், திரும்ப முடியாது. எதிர்ப் பக்கம் அழுத்தினால் நடை தளரும், அவ்வளவுதான். குதிப்பதும் பிடிப்பதும் மட்டும் உங்கள் கையில்.

இங்கே செத்துக்கொண்டே இருப்பவர்கள் பெரும்பாலும் ஒரே தவறைச் செய்கிறார்கள்: புழு விழுந்த பிறகு யோசிக்கிறார்கள். யோசனை எல்லாம் புழு விழுவதற்கு முன் முடிந்திருக்க வேண்டும். புழு தொங்கும் இடத்துக்கு முன்பே நின்று, போகப் போகும் பாதை முழுவதையும் பாருங்கள். மேலிருந்து வெளிச்சக் கற்றை எங்கே விழுகிறது? அதில் பட்டதும் புழு திரும்பி எதிர்த் திசையில் நடக்க வைக்கும். கூரையில் எங்கே வாய் திறந்து தொங்கும் உயிரிகள் இருக்கின்றன? அவற்றுக்கு எட்டும்படி போனால் புழுவைப் பிடுங்கித் தின்றுவிடும், பையன் விடுபடுவான். பாதையில் ஏதாவது பெட்டியோ கயிறோ முன்கூட்டியே சரியான இடத்தில் இருக்க வேண்டுமா? இருந்தால் அதை முதலில் வைத்துவிட்டுப் பிறகுதான் புழுவை வாங்கிக்கொள்ள வேண்டும்.

நகரமும் எந்திரங்களும்

காடு முடிந்ததும் கூரைகள், குழாய்கள், தொழிற்கூடம் என்று இடம் மாறும். இந்தப் பின்பாதி காட்டைவிடச் சுவை குறைவு என்று சொல்பவர்கள் உண்டு. சூழலைப் பொறுத்தவரை அதில் உண்மை இருக்கிறது. சிலந்திக்கு ஈடான ஓர் உயிர் அங்கே இல்லை. ஆனால் புதிர்கள் கூர்மையாவது அங்கேதான்.

ஓட்டல் என்று ஆங்கிலத்தில் எழுதிய பெரிய ஒளிப் பலகையின் மேல் ஏறிப் போக வேண்டிய இடம் வரும். எழுத்து எரியும்போது அதைத் தொட்டால் மின்சாரம் பாயும். எரிவதும் அணைவதும் ஒழுங்கற்றதாகத் தோன்றும். கண்ணால் பின்தொடராமல் இரைச்சலைக் கேளுங்கள். இரைச்சல் நின்ற அந்த இடைவெளியில் குதியுங்கள். எழுத்தின் மேல் நிற்க நினைக்காதீர்கள், அடுத்ததுக்குப் போய்க்கொண்டே இருங்கள்.

சுழலும் அறைகள், காந்தங்கள், ஈர்ப்பையே மாற்றும் விசைகள் (சுவிட்சுகள்) வரும்போது பழைய வழக்கம் ஒன்றை விட்டுவிட வேண்டும். அதுவரை மேல் என்பது மேல்தான். இனி கூரையும் தரைதான். அறைக்குள் நுழைந்ததும், இது தலைகீழானால் எது எங்கே விழும் என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். பெட்டி எங்கே போகும், அறுப்புச் சக்கரம் எந்தப் பக்கம் வரும், நான் எங்கே நின்றால் நசுங்க மாட்டேன் என்ற மூன்றையும் முடிவு செய்த பிறகு விசையைத் தொடுங்கள். விசையைத் தொட்டுவிட்டு ஓடுபவர்கள் பெரும்பாலும் தாங்கள் சற்று முன் நகர்த்திய பெட்டியாலேயே சாகிறார்கள்.

மாட்டிக்கொண்டால்

பத்து நிமிடமாக ஒரே இடத்தில் நிற்கிறீர்கள் என்றால், முதலில் தீர்மானிக்க வேண்டியது பிழை விரலிலா யோசனையிலா என்பது. மயிரிழையில் தவறுகிறீர்கள் என்றால் யோசனை அநேகமாகச் சரி, ஓடிவரும் தூரத்தையோ விடும் நேரத்தையோ மாற்றிப் பாருங்கள். நல்ல இடைவெளியில் தவறுகிறீர்கள், அல்லது ஆயிரத்தில் ஒருவரால்தான் முடியும் என்பது போன்ற குதிப்பு தேவைப்படுகிறது என்றால் யோசனையே தவறு. லிம்போ விரல் வேகத்தை ஓரளவுக்குத்தான் கேட்கும். முடியாத குதிப்பைக் கேட்பதில்லை.

யோசனை தவறு என்று தெரிந்தால், திரையில் இருக்கும் நகரக்கூடிய பொருள்களை வாய்விட்டு எண்ணுங்கள். தேவையானவை எல்லாம் பெரும்பாலும் அந்த ஒரு திரைக்குள், அல்லது அதற்கு முன்னும் பின்னும் சில அடி தூரத்துக்குள் இருக்கும். நெடுந்தூரம் திரும்பிப் போய்த் தேட வேண்டிய அவசியம் அரிது. எண்ணியவற்றில் நீங்கள் இதுவரை தொடாத ஒன்று இருக்கும். அல்லது ஒரு முறை பயன்படுத்திவிட்டு முடிந்தது என்று ஒதுக்கிய ஒன்று இருக்கும். ஏறுவதற்கு வைத்த பெட்டியைப் பிறகு விசையை அழுத்தி வைக்கவும், தண்ணீரில் மிதக்க விடவும் வேண்டியிருக்கலாம். விசையை முழுவதும் திருப்பித்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. பாதியில் விட்டாலும் ஏதாவது நடக்கலாம்.

அதற்கும் மசியவில்லை என்றால் கேமை மூடிவிட்டு வேறு வேலை பாருங்கள். மறுநாள் வந்து பார்க்கும்போது விடை கண்முன் நிற்பது இந்த கேமில் மிகவும் சாதாரணம், ஏனென்றால் நாம் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் நாமே பிடித்துக்கொண்ட ஒரு தவறான யோசனையில்தான். யூடியூபில் முழு விளையாட்டையும் காட்டும் வீடியோ பார்ப்பது கடைசி வழி. பார்த்தால், முதல் அசைவைக் கண்டதும் நிறுத்திவிடுங்கள். நண்பரிடம் கேட்பதாக இருந்தால் என்ன செய்வது என்று கேட்காதீர்கள், எந்தப் பொருளை நான் கவனிக்கவில்லை என்று கேளுங்கள். விடையைத் தானே கண்டுபிடிக்கும் அந்த நொடிக்காகத்தான் இந்த நாலு மணி நேரமும்.

ஒளிந்திருக்கும் முட்டைகள்

ஒருமுறை முடித்த பிறகு தேட வேண்டியவை இவை. சின்னதாக ஒளிரும் பத்து முட்டைகள் பாதையை விட்டு விலகிய இடங்களில் இருக்கும், மிதித்து உடைக்க வேண்டும். முதல் முட்டை எங்கே என்பதைச் சொல்வதில் தவறில்லை, ஏனென்றால் அது மற்ற ஒன்பதுக்கும் திறவுகோல்: ஆட்டம் தொடங்கியதும் வலப்பக்கம் போகாமல் இடப்பக்கம் நடங்கள். இந்த வகை கேம்களில் வலப்பக்கம்தான் வழி என்று நாம் கேட்காமலே ஏற்றுக்கொண்டிருக்கிறோம் என்பதை முதல் நிமிடத்திலேயே கேம் குறித்து வைத்திருக்கிறது.

மற்றவற்றுக்கும் இதே கண்தான் வேண்டும். ஒரு லிஃப்ட் நின்ற பிறகும் மேலே இன்னும் இடம் தெரிகிறதா, ஒரு கயிறு தேவைக்கு மேல் நீளமாக இருக்கிறதா, புதிர் முடிந்த பிறகும் ஒரு பெட்டி வேலையில்லாமல் மிச்சமிருக்கிறதா என்று பாருங்கள். ஒரு முட்டை முழு இருட்டுக்குள் இருக்கிறது. அங்கே காதை மட்டும் நம்பித்தான் போக வேண்டும். மெனுவில் அத்தியாயம் தேர்ந்தெடுக்கும் வசதி இருப்பதால் ஒன்றுக்காக முழு ஆட்டத்தையும் மறுபடி ஆட வேண்டியதில்லை. பிசி, பிளேஸ்டேஷன் 3 பதிப்புகளில் முட்டைகளைச் சேர்த்தவர்களுக்கு இன்னொரு ரகசியப் பகுதியும் உண்டு. ஹெட்போன் இல்லாமல் அதற்குள் போக வேண்டாம்.

ஐந்து சாவுக்குள் முடிப்பது

இந்த கேமின் கடினமான பரிசு, ஒரே அமர்வில், ஐந்து சாவுக்கு மேல் போகாமல் முடிப்பவர்களுக்கு. நடுவில் மூடக் கூடாது, அத்தியாயத்திலிருந்து தொடங்கவும் கூடாது. எத்தனை முறை செத்தீர்கள் என்று திரையில் வராது, தாளில் கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

இதற்கு நேராக முயலாமல், முதலில் சாதாரணமாக ஒரு முறை ஆடி, சாகும் இடங்களை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அத்தியாயத் தேர்வின் வழியாக அந்த இடங்களை மட்டும் தனித்தனியாக, மூன்று முறை தொடர்ந்து சாகாமல் கடக்கும்வரை பழகுங்கள். ஒளிப் பலகையும் கடைசியில் வரும் ஈர்ப்புப் பகுதிகளும் எல்லார் பட்டியலிலும் இருக்கும். உண்மை முயற்சியின்போது காட்டுப் பகுதியில் இரண்டு சாவுக்கு மேல் போய்விட்டால் மறுபடி முதலிலிருந்து தொடங்குவதே லாபம். அனுமதித்த சாவுகளைப் பின்பாதிக்கு மிச்சம் வைத்திருக்க வேண்டும். நன்றாகத் தெரிந்த இடத்தில் அவசரப்பட்டுச் சாவதுதான் இந்த முயற்சியைப் பெரும்பாலும் கெடுக்கிறது. இதில் வேகத்துக்குப் பரிசு இல்லை, எனவே ஒவ்வோர் ஆபத்துக்கு முன்னும் முழுதாக நின்றுவிட்டு நகருங்கள்.

வீட்டில் குழந்தைகள் இருந்தால்

கறுப்பு உருவங்கள்தான் என்றாலும் ஒரு சிறுவனின் உடல் துண்டாவதும் குத்துப்படுவதும் தெளிவாகவே தெரியும். சின்னப் பிள்ளைகள் பக்கத்தில் இருக்கும்போது விளையாட வேண்டாம். வளர்ந்தவர்களில் சிலருக்கும் இது தாங்காது. அவர்களுக்காக அமைப்புகளில் கோரமான காட்சிகளை மறைக்கும் வசதி இருக்கிறது. அதைப் போட்டால் சாகும் தருணத்தில் திரை இருண்டுவிடும். ஆனால் எது தூண்டியது என்று பார்க்கும் வாய்ப்பும் கொஞ்சம் குறையும், ஆகவே அதைப் போட்டுக்கொண்டவர்கள் சாவதற்கு முந்தைய கணத்தை இன்னும் கூர்ந்து பார்க்க வேண்டியிருக்கும்.

அடுத்து என்ன

லிம்போ பிடித்துப்போனால் அதே ஸ்டுடியோ 2016-இல் வெளியிட்ட இன்சைடை எடுங்கள். அதையும் யென்சன்தான் இயக்கினார், ஒலியும் ஆண்டர்சன்தான். அதன் ஒலிகளில் சிலவற்றை அவர் ஓர் உண்மையான மனித மண்டையோட்டின் வழியாகச் செலுத்திப் பதிவு செய்திருக்கிறார். தலைக்குள்ளிருந்தே கேட்பது போன்ற அந்த அழுத்தம் ஹெட்போனில் நன்றாகத் தெரியும். இன்சைடில் வரும் சிவப்புச் சட்டைப் பையனுக்கு நீந்தத் தெரியும், மூச்சைக் கொஞ்ச நேரம் பிடித்திருப்பான். அதனால் லிம்போவில் தண்ணீரைக் கண்டு ஒதுங்கிய பழக்கத்தை மாற்றிக்கொள்ளுங்கள். அங்கே ஆழத்தில்தான் பாதி வழிகள். சாவுகள் குறைவு, புதிர்களும் லிம்போ அளவு கடினம் இல்லை. முதலில் இன்சைடை ஆடிவிட்டு லிம்போவுக்கு வருபவர்கள் லிம்போ கடுமையாக இருப்பதாக உணர்வார்கள். இரண்டையும் ஆடும் எண்ணம் இருந்தால் லிம்போவிலிருந்தே தொடங்குங்கள்.